வக்கடை இல்லாத கார்

எனக்குக் கார் திருத்தத் தெரியாது. இந்த ஒரு வசனத்தை அன்றைக்கு மாமி வீட்டுக் குசினியில் நின்று சொல்லியிருந்தால், நிந்தவூர் மாப்பிள்ளை ஒருவருடைய புதுச் சப்பாத்துச் சோடி இன்றைக்கும் உயிரோடு இருந்திருக்கும். நான் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, "நான் செஞ்சி தாறன்" என்றேன். (என் வாழ்க்கையில் நடந்த எல்லாக் கூத்தும் இந்த மூன்று சொல்லில்தான் தொடங்கியிருக்கிறது. கலியாணம் மட்டும் விதிவிலக்கு. அதைத் தொடங்கியது என் உம்மா.)

நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆளுக்கு உலகத்திலுள்ள மெசின் எல்லாம் அத்துப்படி என்று ஊர் நம்பும். ஊர் நம்பட்டும், அதில் பாவமில்லை. நானும் நம்பினேன் பாருங்கள், அதுதான் வினை. மாமி வீட்டுக்கு வந்த புதிதில் ஒரு மின்விசிறியைத் திருத்தினேன். அது அன்றிலிருந்து காற்றைக் கூரைக்குத்தான் அனுப்புகிறது. மாமி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. கூரைக்கும் வேர்க்கும்தானே என்று சொல்லிவிட்டு ஓலை விசிறியை எடுத்துக்கொண்டார். இப்படி ஒரு மாமி கிடைத்த தைரியத்தில்தான் நான் மேலும் மேலும் கெட்டுப்போனேன்.

இனி காருக்கு வருவோம். அது என் மாமனாருடையது. சிறி நம்பர் போட்ட பழைய மொரிஸ் மைனர். மாமா அதை வைத்துத்தான் கல்முனைச் சந்தைப் பக்கம் ஹயர் ஓடி இரண்டு பெண் பிள்ளைகளையும் படிப்பித்து ஆளாக்கினார். எங்கள் கரைப் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண்வீட்டுக்குக் குடிபோவான். மருதமுனையிலிருந்து சாய்ந்தமருதுக்கு என்னை மாப்பிள்ளையாக ஏற்றி வந்ததும் அதே கார்தான், ஓட்டியவரும் மாமாதான். வழி முழுக்க அவர் என்னோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. வீட்டு வாசலில் நிறுத்தி, எப்போதும் செய்வது போல இரண்டு தரம் ஹோர்ன் அடித்தார். பிறகு திரும்பிப் பார்த்து, "இனி இதுதான் மகன் உங்கட வீடு" என்றார். அவ்வளவுதான். அந்த மனிதரை எனக்கு அந்த நிமிஷமே பிடித்துப்போய்விட்டது.

நாலு வருஷத்தில் மாமா கண்ணை மூடி மௌத்தாகிவிட்டார். கார் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டிலுக்குள் போனது. அதன் பிறகு அதில் ஏறியது ஒரு கோழி மட்டும். அது பின் சீட்டில் மூன்று ஈடு குஞ்சு பொரித்தது. கடல் காற்று மிச்ச வேலையைப் பார்த்துக்கொண்டது. எங்கள் ஊர்க் காற்றில் உப்பு எவ்வளவு என்றால், இரும்புச் சாமான் வாங்கினால் அதை ஊறுகாய் போட்டு வைத்ததாகத்தான் எண்ண வேண்டும்.

என் மனைவியின் தங்கை சிபானாவுக்கு நிந்தவூரில் மாப்பிள்ளை பொருந்தியது. மாப்பிள்ளை பிர்தௌஸ், கட்டாரில் வேலை. கலியாணப் பேச்சு முடிந்த அன்று குசினியில் எல்லாரும் இருந்தோம். மாமி அடுப்படியில். என் மனைவி றிஸ்மியா வெங்காயம் வெட்டிக்கொண்டு. நான் அவித்த கடலையைத் தின்றுகொண்டு. யாருக்கு என்ன வேண்டும் என்ற கதை வந்தபோது, வாயைத் திறந்து எதையும் கேட்டுப் பழக்கமில்லாத சிபானா சொன்னாள்:

"மச்சான், ராத்தாவுக்கு மாப்பிள்ளயக் கூட்டி வந்தது வாப்பா. எனக்கு வாப்பா இல்ல. அந்தக் காரெண்டாலும் வரட்டும். வாசல்ல ரெண்டு ஹோர்ன் அடிச்சாக் காணும். வேற ஒண்டும் எனக்கு வேணாம்."

மாமி அடுப்புப் பக்கம் திரும்பி முந்தானையால் முகத்தைத் துடைத்தார். றிஸ்மியா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குத் தெளிவான அர்த்தம் உண்டு: கடலையைத் தின்னுங்கள், கதைக்காதீர்கள். நான் அந்த மூன்று சொல்லையும் சொன்னேன்.

கையில் காசு இல்லை என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுக்காமல் எங்கள் பக்கத்தில் கலியாணம் ஒப்பேறாது. மாமா வாங்கிப்போட்ட வளவுத் துண்டில் சிபானாவின் வீடு பாதியில் நின்றது. வந்த காசெல்லாம் கல்லாகவும் சீமெந்தாகவும் மாறிக்கொண்டிருந்தது. காருக்கு வீட்டில் மிஞ்சியதுதான். இது பேச்சுக்குச் சொல்வதல்ல. சீட் உறை தைத்தது புது வீட்டு ஜன்னல் சீலையில் மிஞ்சிய துண்டில். உள்கூரைக்கு ஒட்டியது மாமியின் பழைய மேசை விரிப்பு. பற்றரி ஒன்று மட்டும் புதிதாக வாங்கினேன். அந்தக் காருக்கென்று கடைக்குப் போய்ப் பெட்டி உடைத்து எடுத்த சாமான் அது ஒன்றுதான்.

எஞ்சினைக் காரைதீவுத் தங்கராசா அண்ணன் பார்த்தார். மாமாவின் காலத்திலிருந்தே அந்த எஞ்சினுக்கு அவர்தான் வைத்தியர். இரண்டு கிழமை கழற்றிப் பூட்டினார். மூன்றாம் கிழமை அது இருமிக்கொண்டு எழும்பியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் மட்டும் சந்தோஷப்படாமல் குனிந்து காரின் அடியைப் பார்த்தார்.

"சேர், எஞ்சின் இன்னும் உங்கட பிள்ளையளக் கட்டிக் குடுக்கிற வரைக்கும் ஓடும். ஆனா நீங்க கால் வைக்கிறதுக்கு அடி எண்டு ஒண்டு வேணுமே."

உண்மைதான். காரின் அடித் தகடு சல்லடையாகிக் கிடந்தது. டிரைவர் சீட்டில் இருந்தபடியே நிலத்தில் போகிற எறும்பைப் பார்க்கலாம். தகரம் வெட்டி ஒட்டுகிறவரிடம் கேட்டேன். அவர் சொன்ன தொகைக்குப் புது வீட்டின் கூரையையே போட்டுவிடலாம். அன்று பின்னேரம் மனம் நொந்து ஒலுவில் துறைமுகத்துக்கு மீன் வாங்கப் போனேன். அங்கே போட் கட்டுகிற கலீல் காக்கா ஒரு போட்டைக் கவிழ்த்துப் போட்டு, அதன் வயிற்றில் பைபர் பாய்களை விரித்து றெசின் பூசிக்கொண்டிருந்தார். பாறையில் மோதி உடைந்த போட். ஒரு மணித்தியாலத்தில் அந்த ஓட்டை இருந்த இடம் தெரியவில்லை. நான் மீனை மறந்துவிட்டேன்.

விஞ்ஞான மூளை வேலை செய்தது. பைபருக்குத் துரு இல்லை. பாரமில்லை. விலை குறைவு. கடலைத் தாங்குகிற சாமான் கல்முனை வீதியைத் தாங்காதா? இந்த யோசனை இலங்கையில் வேறு யாருக்கும் ஏன் வரவில்லை என்று நினைத்து நெஞ்சு நிமிர்ந்தது. (ஏன் வரவில்லை என்பது பிறகு தெரிந்தது.)

கலீல் காக்கா வாழ்க்கையில் கார் திருத்தியதில்லை. உழவு மிசின் பெட்டியில் ஏற்றி வந்து இறக்கிய மொரிஸ் மைனரை மூன்று தரம் சுற்றி வந்தார், தட்டினார், முகர்ந்தார். பிறகு சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு கீழே படுத்துவிட்டார். மாமாவின் காரில் மௌத்துக்கும் பேறுக்கும் போன குடும்பம் அவருடையது. கூலி கூடப் பாதிதான் கேட்டார். பத்து நாள் வேலை. போட்டுக்காரர்கள் தேத்தண்ணி குடிக்க வருகிற சாட்டில் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். காருக்கு எத்தனை பாகம் நீளத்துக்கு வலை வேண்டும் என்று ஒருவர் கேட்டார். நான் காது கேளாதவன் போல நின்றேன்.

கடைசி நாள் அவர் என்னைக் கூப்பிட்டார். இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாக வாசியுங்கள். நான் இதை மறைத்து, பழியை அவர் மேல் போடப் பார்த்தவன்.

"சேர், பின்னுக்கு அடியில ஓட்டை ஒண்டு உடவா? மூடி போட்டுத் தாறன். போட்டுக்கெல்லாம் உடுற."

"காக்கா, ஓட்டைய அடைக்கத்தான் நான் உங்களுட்ட வந்த. நீங்க புதுசா ஒண்டு போடப் பாக்கிறீங்க."

"தண்ணி உள்ளுக்கு வந்தா வெளிய போக வேணுமே, சேர்."

"கீழால தண்ணி வருமா?"

"கீழால ஒரு சொட்டு வராது. வந்தா நான் போட் வேலய உட்டுடறன்."

"அப்ப ஓட்டை என்னத்துக்கு?"

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு நான் படித்த ஆள் என்பது ஞாபகம் வந்திருக்க வேண்டும். தலையை ஆட்டிவிட்டு றெசின் வாளியைக் கழுவப் போய்விட்டார். நானும் வாதத்தில் வென்ற சந்தோஷத்தில் வீடு வந்தேன்.

மிஞ்சியிருந்த போட் பெயின்ரில் காருக்கு நிறம் பூசினோம். மேலே வெள்ளை, கீழே கடல் நீலம். முன் கண்ணாடியைச் சுற்றிப் போடுகிற றபர் வார் கொழும்பில்தான் கிடைக்கும் என்றார்கள். அதற்கும் காசு இல்லை. சைக்கிள் டியூப் ஒன்றை நீளமாக வெட்டி, கண்ணாடி விளிம்பில் சுற்றி, மேலே பசை தடவினேன். பார்வைக்கு அசல் போலவே இருந்தது. அது கோடை காலம். ஊரைச் சுற்றி மூன்று தரம் ஓடினேன். சந்தியில் நின்றவர்கள் கை காட்டினார்கள். மாமியை ஏற்றிக்கொண்டு கல்முனைக்குப் போனேன். அவர் வழி முழுக்க ஸலவாத்து ஓதினார். அது சந்தோஷத்தில் என்று நான் நினைத்துக்கொண்டேன். பெயின்ற் மங்கிவிடும் என்ற பயத்தில் அந்தக் காரை நான் ஒருநாளும் தண்ணீர் ஊற்றிக் கழுவவில்லை. ஈரத் துணியால் துடைத்ததோடு சரி.

இதற்கிடையில் மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கப் பிந்தியது. பிந்திப் பிந்திக் கலியாணம் மாரிக்குள் வந்து விழுந்தது. கலியாணத்தன்று சுபஹுக்கு எழும்பியபோதே மழை. எங்கள் மாரி மழையைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அது பெய்வதில்லை, குடியிருக்க வரும். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு றிஸ்மியா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மாப்பிள்ளையை ஏற்ற ஒரு வேன் பிடிப்போம், சிபானாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன் என்றாள். போட் கட்டுகிற ஆள் செய்த கார் மழைக்குப் பயப்படுமா என்று கேட்டேன். அவள் போய்க் காரில் தலை துவட்டுகிற துவாய் ஒன்றை வைத்தாள். அந்தத் துவாய் பற்றிய விபரம் வேண்டாம். அது முதல் பத்து நிமிஷத்திலேயே காலமாகிவிட்டது.

சைக்கிள் டியூப்தான் காரணம். நிந்தவூருக்குப் போகிற வழியிலேயே முன் கண்ணாடியின் இரண்டு மூலையிலும் தண்ணீர் நூலாக இறங்கத் தொடங்கியது. நூல் தானே என்று விட்டேன். மாப்பிள்ளை வீட்டு வாசல் சற்று மேடு. காரின் மூக்கை மேலே வைத்து நிறுத்திவிட்டு உள்ளே போனேன். அவர்கள் விருந்து தந்து, பாத்திஹா ஓதி, போட்டோ எடுத்து, மாப்பிள்ளையை வெளியே கொண்டு வர ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆனது. அந்த நேரம் முழுக்க நூல் நூலாக வந்த தண்ணீர் எல்லாம் பின் சீட்டுக்குக் கீழே போய்ச் சேர்ந்து, யாருக்கும் தொந்தரவு இல்லாமல் காத்துக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளை பின் சீட்டில் ஏறினார். கோட் சூட், பளபளவென்று கறுப்புச் சப்பாத்து. சளக் என்று ஒரு சத்தம் கேட்டது. கண்ணாடியில் பார்த்தேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. எங்கள் பக்கத்தில் கலியாணத்தன்று மாப்பிள்ளை கதைக்கக் கூடாது, குனிந்த தலை நிமிரக் கூடாது. குனிந்த தலையோடு இருந்ததால் அவருக்கு நிலைமை முழுவதுமாகத் தெரிந்தது. ஆனால் சொல்ல முடியவில்லை. இரண்டு காலையும் மெதுவாகத் தூக்கிச் சீட்டில் வைத்து, சஹன் தட்டைச் சுற்றிச் சாப்பிட உட்கார்ந்தவர் போலச் சப்பணம் கட்டிக்கொண்டார்.

முன் சீட்டில் எனக்குப் பக்கத்தில் ஏறியவர் அவருடைய வாப்பா. அவர் ஒரு வட்டை விதானை, அதாவது வயல்களுக்கு வாய்க்கால் தண்ணீரைப் பங்கிட்டுக் கொடுக்கிற பொறுப்பில் உள்ளவர். தண்ணீர் எங்கே நின்றாலும் ஏன் நிற்கிறது என்று கேட்பது அவர் தொழில். உலகத்தில் எத்தனையோ பேர் இருக்க, அல்லாஹ் எனக்குப் பக்கத்தில் அவரைக் கொண்டு வந்து இருத்தினான். பின்னால் மாப்பிள்ளையின் கூட்டாளிமார் ஒரு வேனில் வந்தார்கள்.

கார் புறப்பட்டது. முதல் வளைவில் பிறேக் பிடித்தேன். பின்னால் கிடந்த தண்ணீர் எல்லாம் ஒரே ஓட்டமாக முன்னுக்கு வந்து விதானையாரின் செருப்பை நனைத்தது. பயந்துபோய் அக்ஸிலேட்டரை மிதித்தேன். தண்ணீர் பின்னுக்குப் போனது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. பிறேக் பிடித்தால் வாப்பாவுக்கு, அக்ஸிலேட்டர் மிதித்தால் மகனுக்கு. நான் நியாயமானவன். இரண்டு பேருக்கும் சமமாகக் கிடைக்கட்டும் என்று மாறி மாறி மிதித்துக்கொண்டு வந்தேன்.

விதானையார் நனைந்த செருப்பைக் கழற்றி வைத்தார். தண்ணீர் முன்னுக்கு வருவதையும் பின்னுக்குப் போவதையும் வரம்பில் நின்று பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு அமைதியாகக் கேட்டார்:

"சேர், வக்கடை எங்க?"

வக்கடை என்றால் வயல் வரம்பில் வெட்டி வைக்கிற வாய். வயலுக்குத் தண்ணீர் கூடினால் அதைத் திறந்து வெளியே விடுவார்கள். நான் படித்த பல்கலைக்கழகத்தில் வக்கடை படிப்பிக்கவில்லை. காருக்கு வக்கடை இல்லை என்று சொன்னேன்.

"கட்டினவன் கேக்கல்லியா?"

வைப்பர் சத்தத்தில் கேட்கவில்லை என்று பாவனை செய்தேன். (வைப்பர் அப்போது வேலை செய்யவில்லை.)

நிந்தவூருக்கும் காரைதீவுக்கும் நடுவில் இரண்டு பக்கமும் வயல். ஒரு பக்கத்து வெள்ளம் மற்றப் பக்கத்துக்குப் போக வீதிக்கு மேலால் ஓடிக்கொண்டிருந்தது. பஸ் ஒன்று நிதானமாகப் போனது. பஸ் போனால் நாமும் போகலாம் என்று இறங்கினேன். நடு வெள்ளத்தில் ஸ்டியரிங் திடீரென்று பாரமில்லாமல் போனது. இடப் பக்கம் திருப்பினால் கார் நேராகப் போனது. வலப் பக்கம் திருப்பினாலும் நேராகத்தான் போனது. காரின் பின்பக்கம் ஒரு தாலாட்டுப் போல ஆடியது. எனக்கு விளங்கிவிட்டது. பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு உப்புத் தண்ணீரில் முட்டையை மிதக்கவிட்டு, மேலுதைப்பு என்றால் இதுதான் என்று வருஷா வருஷம் காட்டியவன் நான். இப்போது அந்த முட்டைக்குள் நானும் இன்னும் இரண்டு பேரும் இருந்தோம். கலீல் காக்கா தன் வேலையை அவ்வளவு சுத்தமாகச் செய்திருந்தார். அடியால் ஒரு சொட்டு வரவில்லை. கதவு இடுக்கால்தான் வந்தது, அதுவும் தாராளமாக வந்தது. மாப்பிள்ளை சப்பணம் கட்டிய இடத்துக்கே தண்ணீர் ஏறிவிட்டது. அவர் வேறு வழியில்லாமல் காலைக் கீழே விட்டார்.

எப்படியோ டயர் தரையைத் தொட்டது. ஏறிய தண்ணீரில் பாதி வந்த கதவு இடுக்காலேயே இறங்கியது. காரைதீவைத் தாண்டினோம். தங்கராசா அண்ணன் குடையோடு வாசலில் நின்று, ஏதோ காதுக்கு எட்டாத ஒன்றைச் சொன்னார். சாய்ந்தமருதில் எங்கள் ஒழுங்கைக்குத் திரும்புகிற முடக்கில் எஞ்சின் இரண்டு தரம் விக்கியது. பிறகு நின்றுவிட்டது. வீடு ஒரு கூப்பிடு தூரம். கலியாண வீட்டு விளக்கு தெரிகிறது. நான் சாவியைத் திருப்பினேன், கெஞ்சினேன், ஒரு தரம் திட்டவும் செய்தேன். அது அசையவில்லை.

வேன் பின்னால் வந்து நின்றது. விதானையார் கதவில் கை வைத்தார்.

"பரவால்ல சேர். மாப்பிள்ளய வேனுக்கு மாத்துவம். நேரம் போகுது."

அவர் சொன்னது முழுக்க நியாயம். எனக்குத் தலையாட்ட முடியவில்லை. இத்தனை நாள் ஊர் முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்த எனக்கு, அந்தப் பிள்ளை சிபானா கேட்ட ஒரே ஒரு விஷயம் அந்த நிமிஷத்தில்தான் ஒழுங்காக மனதில் பட்டது. வேன் வாசலுக்கு வரும். வேனுக்கும் ஹோர்ன் இருக்கும். உள்ளே இருக்கிறவளுக்கு அது யாரோ ஒருவருடைய ஹோர்ன். நான் திரும்பி இரண்டு பேரிடமும் சொன்னேன். இது யாருடைய கார், அவள் எதைக் கேட்டாள், செய்து தருவேன் என்று நான் எப்படி வாக்குக் கொடுத்தேன், ஓட்டை வேண்டாம் என்றது கூட நான்தான் என்பது வரை. எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது குரல் கொஞ்சம் இடறியது. அது குளிரால் என்று இப்போதும் வீட்டில் சாதித்துக்கொண்டிருக்கிறேன்.

குனிந்திருந்த மாப்பிள்ளை தலையை நிமிர்த்தினார். கலியாணத்தன்று மாப்பிள்ளை கதைக்கக் கூடாது என்றேனே, அந்த வழக்கம் அந்த இடத்தில் உடைந்தது.

"வாப்பா, நான் இறங்கல்ல. தள்ளச் சொல்லுங்க."

விதானையார் மகனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்து மழையில் இறங்கி, வயலில் இறங்குகிற மாதிரி வெள்ளைச் சாரனை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு வேன்காரரைக் கூப்பிட்டார். ஏழெட்டுப் பேர், கலியாண உடுப்போடு, அத்தர் மணக்க மணக்கத் தள்ளினார்கள். அவரும் தள்ளினார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பின் சீட்டில் மாப்பிள்ளை கணுக்கால் தண்ணீரில் காலை வைத்து, ஒரு சுல்தான் போல நேராக இருந்தார்.

வாசலில் கார் நின்றது. நான் ஹோர்னில் கை வைத்தேன். பிஸ்மி சொன்னேன். இதுவும் போயிருந்தால் நான் அப்படியே மருதமுனைக்கு நடந்து போயிருப்பேன். ஆனால் புதுப் பற்றரி என்னைக் கைவிடவில்லை. இரண்டு தரம் அடித்தது, மாமா அடிப்பது போலவே, கட்டையாக, இடைவெளி விட்டு.

உள்ளே பெண்கள் குரவை போட்டார்கள். அந்தக் குரவை மழைச் சத்தத்துக்கு மேலால் கேட்டது.

இதோடு நான் தப்பியிருக்கலாம். யாரோ மரியாதையாகப் பின் கதவைத் திறந்தார்கள். வாசலில் விரித்திருந்த வெள்ளைச் சீலையின் மேல் மாப்பிள்ளைக்கு முன்னால் தண்ணீர் இறங்கியது. அதோடு ஒரு துவாய், ஒரு மேசை விரிப்பு, விதானையாரின் ஒரு செருப்பு எல்லாம் இறங்கின. ஒரு சிறு கெளுத்திக் குஞ்சும் இறங்கித் துள்ளியதாக மாமி சொல்கிறார். நான் பார்க்கவில்லை.

எங்கள் கலியாணத்தில் இன்னொரு வழக்கம் உண்டு. வாசலுக்கு வந்த மாப்பிள்ளையின் காலைப் பெண்ணின் சகோதரன் கழுவிவிட வேண்டும். அதற்கு மாப்பிள்ளை ஒரு மோதிரம் கொடுப்பார். சிபானாவுக்குச் சகோதரன் இல்லை. அந்த இடத்தில் நீங்கதான் மருமகன் என்று மாமி முதல் நாளே சொல்லி வைத்திருந்தார். ஆகவே, தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட, ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, நான் செம்பில் தண்ணீரோடு மாப்பிள்ளைக்கு முன்னால் குந்தினேன். அவர் சப்பாத்தைக் கழற்றிச் சரித்தார். அதிலிருந்து என் செம்பில் இருந்ததைவிடக் கூடத் தண்ணீர் வந்தது. விரல்கள் வெளுத்துச் சுருங்கிப்போயிருந்தன. நான் செம்பைச் சரிக்கப் போனபோது, அவர் குனிந்து எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டார்:

"சகலன், நிந்தவூர்ல இருந்து கழுவிக்கிட்டுத்தானே வாறீங்க. இன்னுமா ஊத்தை போகல்ல?"

அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் பந்தல் கம்பு ஆடியது. முதலில் சிரித்தது விதானையார். மோதிரத்தை மாப்பிள்ளை என் கையில் வைத்தார். ஆண்பிள்ளைக்குத் தங்கம் ஆகாது என்பதால் அது றிஸ்மியாவின் விரலுக்குப் போனது. துவாய்க்கு நட்டஈடு என்று அவள் இன்னும் அதைப் போட்டிருக்கிறாள்.

கலீல் காக்காவும் கலியாணச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். நான் முறைத்ததைப் பார்த்து அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து, தான் கீழால் வருகிற தண்ணீருக்குத்தான் பொறுப்பு, மேலால் வருகிறது தன்னுடைய கணக்கில் இல்லை என்று மெதுவாகச் சொன்னார். அடுத்த கிழமை காசு வாங்காமல் பின் சீட்டுக்குக் கீழே ஓட்டை போட்டு, போட்டுக்குப் போடுகிற அதே மூடியைப் பூட்டித் தந்தார். அதற்கு வக்கடை என்று பெயர். தங்கராசா அண்ணன் கூட இப்போது, "சேர், வக்கடைக்குக் கிறீஸ் வைக்கட்டா?" என்றுதான் கேட்கிறார். மேலுதைப்புப் பாடம் வரும் நாளில் என் வகுப்பில் ஒரு பிள்ளையும் வராமல் இருப்பதில்லை.

கலியாணத்துக்கு மூன்றாம் நாள் சிபானா என்னிடம் வந்தாள். நடந்ததெல்லாம் அதற்குள் அவளுக்குத் தெரிந்துவிட்டது. நான் மன்னிப்புக் கேட்கிற மாதிரி எதையோ தொடங்கினேன். அவள் கேட்கவில்லை. உள் அறையில் இருந்தபோது முதல் ஹோர்னுக்கு யாரோ என்று நினைத்தாளாம். இரண்டாவதுக்கு, தன்னை அறியாமலே, "வாப்பா வந்திட்டார்" என்று எழும்பிவிட்டாளாம். ராத்தாதான் பிடித்து இருத்தினாளாம். "நல்லா இருந்திச்சு மச்சான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

இப்போது அவர்கள் இரண்டு பேரும் கட்டாரில். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வீட்டுக்கு வந்ததும் போன் வரும். கெளுத்திக் குஞ்சின் கதையை மாமி புதிதாகச் சொல்வார் (போன நோன்புக்கு அது விராலாகிவிட்டது, இப்போது இரண்டு விரால்). பிறகு சிபானா, "மச்சான், ஒருக்கா" என்பாள். நான் போனைத் தூக்கிக்கொண்டு பின் கொட்டிலுக்குப் போய், கதவைத் திறந்து, இரண்டு தரம் ஹோர்ன் அடிப்பேன். அந்தப் பக்கம் அவள் ஒன்றும் கதைக்க மாட்டாள். அவளுக்குப் பின்னாலிருந்து அவள் புருஷனுடைய குரல்தான் கேட்கும்:

"சகலன், வக்கடை தொறந்திரிக்கா?"

ஓம் என்று சொல்வதற்கு முன்னால் நான் ஒவ்வொரு முறையும் குனிந்து பார்க்கிறேன்.